ஆன்லைனில் போர்டு கேம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைச் சரிசெய்யும் வழி

நண்பர்களோடு இணையத்தில் போர்டு கேம் ஆடும்போது எது கெட்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இது எல்லாருக்கும் வருகிறதா, ஒருவருக்கு மட்டுமா, ஹோஸ்ட்டை, அதாவது மேசையைத் திறந்து மற்றவர்களை அழைப்பவரைத் தவிர மற்ற எல்லாருக்குமா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒருவருக்கு மட்டும் என்றால் கோளாறு பெரும்பாலும் அவருடைய கணினியில் அல்லது இணைப்பில் இருக்கும். எல்லாருக்கும் என்றால் சர்வரிலோ ஆட்டத்தின் கோப்பிலோ இருக்கும். ஹோஸ்ட்டுக்கு மட்டும் நன்றாக ஓடி மற்றவர்களுக்கு ஓடவில்லை என்றால், ஹோஸ்ட்டிடம் உள்ள ஏதோ ஒன்று மற்றவர்களிடம் இல்லை. இதைக் கேட்காமல் ஆளுக்கு ஆள் ரீஸ்டார்ட் செய்து கொண்டிருந்தால் ஒரு மணி நேரம் வீணாகும், பிறகு யாருக்கும் ஆட மனசு இருக்காது.

எந்த வகை மேசையில் ஆடுகிறீர்கள் என்பதும் முக்கியம். போர்டு கேம் அரீனா பிரௌசரில் ஓடுவது. விதிகளை அதுவே பார்த்துக்கொள்ளும், ஆட்டத்தின் நிலை முழுவதும் அவர்கள் சர்வரில் இருக்கும். ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் வாங்கும் டேபிள்டாப் சிமுலேட்டர் அப்படி இல்லை. அது ஒரு வெறும் மேசையும் அதன்மேல் உருளும் காய்களும்தான். விதி தெரியாது, ஆட்டம் ஹோஸ்ட்டின் கணினியில் ஓடும், ஹோஸ்ட் வெளியேறினால் மேசையும் போய்விடும். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் மாதிரி கதை ஆட்டங்களுக்கு ரோல்20, ஃபவுண்ட்ரி என்ற இணைய மேசைகள் உண்டு. ஒன்றுக்குச் சொன்ன மருந்து இன்னொன்றுக்குப் பொருந்தாது.

சீட்டுகள் வெள்ளையாக வருகின்றன, போர்டில் படமே இல்லை (டேபிள்டாப் சிமுலேட்டர்)

அதிகம் குழப்பும் கோளாறு இது. ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் கிடைக்கும் ஒரு மாட், அதாவது பயனர்கள் செய்து பகிரும் ஆட்டம், அதன் கோப்புக்குள் படங்கள் இருப்பதில்லை. படம் எங்கே இருக்கிறது என்ற இணைய முகவரி மட்டுமே இருக்கும். மேசைக்கு வருகிற ஒவ்வொருவரின் கணினியும் அந்த முகவரிக்குத் தனித்தனியாகப் போய்ப் படத்தை இறக்கிக்கொள்ளும். படம் ஹோஸ்ட்டிடமிருந்து மற்றவர்களுக்குப் போவதில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வாருங்கள்.

ஹோஸ்ட்டுக்குத் தெரிகிறது, மற்ற யாருக்கும் தெரியவில்லை என்றால் அந்த முகவரி செத்துவிட்டது. ஹோஸ்ட் முன்பே ஒருமுறை அந்த ஆட்டத்தைத் திறந்திருப்பதால் படம் அவர் கணினியில் கேஷாக, அதாவது சேமித்து வைத்த பிரதியாகத் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ‘எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது’ என்று ஹோஸ்ட் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் மற்றவர்கள் எத்தனை தடவை வெளியே போய் உள்ளே வந்தாலும் படம் வராது. இதற்கு ஹோஸ்ட்தான் வேலை செய்ய வேண்டும்:

1. ஹோஸ்ட் ஆட்டத்தைத் திறந்து, எல்லாப் படமும் தனக்குத் தெரிகிறதா என்று பார்க்கவும். மூடிய பைகளுக்குள் இருக்கும் சீட்டுகளையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்ப்பது நல்லது.
2. மேலே உள்ள மாடிங் மெனுவில் கிளவுட் மேனேஜரைத் திறக்கவும். திறந்துள்ள ஆட்டத்தின் எல்லாக் கோப்புகளையும் ஸ்டீம் கிளவுடுக்கு ஏற்றும் வசதி அங்கே இருக்கிறது.
3. ஏற்றி முடிந்ததும் ஆட்டத்தைப் புதுப் பெயரில் சேமிக்கவும். இனி வொர்க்‌ஷாப் பிரதியைத் திறக்காமல் இந்தச் சேமிப்பையே திறக்கவும். பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான்.

ஒருவருக்கு மட்டும் வெள்ளையாக இருந்தால் இரண்டு காரணங்கள். ஒன்று, இறக்கம் பாதியில் அறுந்து, அரைகுறைக் கோப்பு அவர் கேஷில் உட்கார்ந்திருக்கிறது. கணினி ‘கோப்பு ஏற்கெனவே இருக்கிறதே’ என்று மறுபடி இறக்காது. விண்டோஸில் டாக்குமென்ட்ஸ், அதற்குள் மை கேம்ஸ், அதற்குள் டேபிள்டாப் சிமுலேட்டர், அதற்குள் மாட்ஸ் ஃபோல்டர். அங்கே இமேஜஸ் ஃபோல்டரைத் தேதி வாரியாக அடுக்கி, பிரச்சினை வந்த அன்று இறங்கியவற்றை மட்டும் அழித்தால் போதும். முழு மாட்ஸ் ஃபோல்டரையும் அழிக்காதீர்கள். அதில் பல செத்துப்போன முகவரிகளின் கடைசிப் பிரதி இருக்கலாம், போனால் திரும்பக் கிடைக்காது.

இரண்டாவது காரணம் அவர் இருக்கும் நாடு. பழைய மாட்கள் பலவற்றின் படங்கள் இம்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் இருக்கின்றன. 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து பிரிட்டனில் இம்கர் திறப்பதில்லை. சென்னையில் எல்லாருக்கும் படம் தெரிந்து லண்டன் நண்பருக்கு மட்டும் தெரியவில்லை என்றால் அவர் கணினியை நோண்ட வேண்டாம். மேலே சொன்ன கிளவுட் ஏற்றத்தைச் செய்யுங்கள், முகவரிகள் ஸ்டீமுக்கு மாறிவிடும். இது உங்கள் குழுவின் சொந்தச் சேமிப்பாகவே இருக்கட்டும். அடுத்தவர் செய்த மாட்டை உங்கள் பெயரில் வொர்க்‌ஷாப்பில் வெளியிடுவது நியாயம் இல்லை.

ஹோஸ்ட் உட்பட எல்லாருக்கும் வெள்ளை என்றால் அந்த மாட்டை விட்டுவிட்டு வேறு மாட் தேடுங்கள். தேடும்போது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள், கீழே உள்ள கருத்துகளில் சமீபத்தியவற்றையும் படியுங்கள். படம் போய்விட்டால் அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள்.

நண்பரால் அறைக்குள்ளேயே வர முடியவில்லை

டேபிள்டாப் சிமுலேட்டரை ஆடும் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கியிருக்க வேண்டும். மொபைலில் இது கிடையாது. வொர்க்‌ஷாப் மாட்டை ஹோஸ்ட் மட்டும் சப்ஸ்கிரைப் செய்தால் போதும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. வாங்கியும் வர முடியவில்லை என்றால் இருவரின் பதிப்பு எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒருவர் ஸ்டீமைத் திறந்தே வைத்திருந்து அப்டேட் இறங்காமல் இருக்கும், ஸ்டீமை முழுவதும் மூடித் திறந்தால் இறங்கும். அறை ‘நண்பர்கள் மட்டும்’ என்று வைக்கப்பட்டிருந்தால் ஹோஸ்ட்டின் ஸ்டீம் நண்பர்களுக்குத்தான் தெரியும். நண்பரின் நண்பருக்குத் தெரியாது. அறைகளின் பட்டியலில் தேடிக்கொண்டிருக்காமல் ஸ்டீம் நண்பர் பட்டியலில் ஹோஸ்ட் பெயரின்மேல் வலது கிளிக் செய்து ஆட்டத்தில் சேருவதே சுலபம்.

உள்ளே வந்துவிட்டார், ஆனால் எதையும் தொட முடியவில்லை. அல்லது கைச்சீட்டு காணவில்லை

தொட முடியவில்லை என்றால் அவர் சாம்பல் நிறத்தில், அதாவது பார்வையாளராக இருக்கிறார். மேல் மூலையில் தன் பெயரைக் கிளிக் செய்து ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கைச்சீட்டு தெரியவில்லை என்றால் அவர் எடுத்த நிறத்துக்கு அந்த மாட்டில் கைப்பகுதியே, அதாவது கைச்சீட்டு வைக்கும் இடமே வைக்கப்படவில்லை. நான்கு பேர் ஆட்டத்தில் நான்கு நிறங்களுக்குத்தான் இடம் இருக்கும். எந்தெந்த நிறங்கள் என்று மேசையைச் சுற்றிப் பார்த்து அதில் ஒன்றுக்கு மாறச் சொல்லுங்கள். கறுப்பு நிறத்தை யாரும் எடுக்க வேண்டாம். அது ஆட்டம் நடத்துபவருக்கானது, அதில் உட்கார்ந்தால் மறைத்து வைத்தவையெல்லாம் தெரியும். யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே ரகசியம் உடைந்துபோகும்.

காய்கள் பறந்துவிட்டன, போர்டு நகர்ந்துவிட்டது

இந்த மேசையில் பௌதிக விதிகள் இயங்குகின்றன. ஒரு காயை இன்னொரு காயின் ஊடாக இழுத்தால் இரண்டும் முட்டிக்கொண்டு தெறிக்கும். உடனே கண்ட்ரோல், இசட் அழுத்தினால் சற்று முந்தைய நிலைக்குப் போகலாம். ஹோஸ்ட்தான் இதைச் செய்ய வேண்டும், மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு காயை எடுத்து அடுக்க ஆரம்பிக்கக் கூடாது. அடுக்க ஆரம்பித்தால் பின்னோக்கிப் போகும்போது அதுவும் சேர்ந்து குழம்பும். ‘கையை எடுங்க’ என்று ஒரு வார்த்தை, பிறகு பின்னோக்கல்.

மறுபடி நடக்காமல் இருக்க: போர்டின்மேல் சுட்டியை வைத்து எல் விசையை அழுத்தினால் அது பூட்டிக்கொள்ளும். அசையத் தேவையில்லாத எல்லாவற்றையும் ஆட்டம் தொடங்குமுன் இப்படிப் பூட்டுங்கள். லிஃப்ட் ஹைட் ஸ்லைடரைக் கொஞ்சம் கூட்டினால் எடுத்த காய் மற்ற காய்களுக்கு மேலே உயர்ந்து போகும், முட்டாது. குட்டிக் காய்கள் நிறைய உள்ள ஆட்டமானால் ஹோஸ்ட் இயற்பியல் அமைப்பில் பாதிப் பூட்டு நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். கையில் எடுக்கும்போது மட்டும் காய் அசையும், வைத்ததும் நிலைத்து நிற்கும். இவை தவிர, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஹோஸ்ட் ஒருமுறை சேமிப்பது நல்ல பழக்கம். தானியங்கிச் சேமிப்பும் உண்டு, ஆனால் அது உங்கள் சுற்றுக் கணக்கைப் பார்த்துச் சேமிப்பதில்லை.

விதி புதிதாகக் கற்கும் நண்பர்கள் இருந்தால் முதல் ஆட்டத்தை டேபிள்டாப் சிமுலேட்டரில் வைக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கேமராவைத் திருப்புவதும் சீட்டை எடுப்பதுமே அவர்களுக்குப் பெரிய வேலையாக இருக்கும்போது, விதி மண்டையில் ஏறாது. அதே ஆட்டம் போர்டு கேம் அரீனாவில் இருந்தால் அங்கே தொடங்குங்கள். செய்யக்கூடிய நகர்வுகளை அது காட்டும், கூடாததை அனுமதிக்காது.

திக்கித் திக்கி நகர்கிறது

போர்டு கேமுக்கு இணைய வேகம் அதிகம் வேண்டாம், சீரான இணைப்புதான் வேண்டும். அதனால் வேகச் சோதனையில் 100 எம்பிபிஎஸ் காட்டினாலும் ஆட்டம் திக்கலாம். இப்படிச் சோதியுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பிங் கட்டளையை, நிற்காமல் ஓட ping -t என்று எழுதி, விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் முதலில் உங்கள் ரவுட்டர் முகவரிக்கு விடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. அடுத்து அதே கட்டளையை 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு விடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடமாவது ஓடவிட வேண்டும்.

ரவுட்டருக்கான பதில் ஒற்றை இலக்க மில்லி செகண்டில் சீராக வர வேண்டும். அதுவே 5, 7, 240, 6, 310 என்று குதித்தால் கோளாறு உங்கள் வைஃபையில் இருக்கிறது. கேபிள் போடுங்கள், முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறி ரவுட்டர் இருக்கும் அறைக்கு வாருங்கள். ரவுட்டர் சீராக இருந்து 8.8.8.8 மட்டும் குதித்தால், வீட்டில் வேறு யாராவது எதையாவது மேலேற்றுகிறார்களா என்று பாருங்கள். போன் தானாக ஃபோட்டோக்களைக் கிளவுடுக்கு ஏற்றும்போது அப்லோடு நிரம்பி மற்றதெல்லாம் வரிசையில் நிற்கும். அப்படி எதுவும் இல்லாமலும் குதித்தால் இணைப்பு கொடுப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திக்கினால் இந்தச் சோதனையை ஹோஸ்ட் செய்ய வேண்டும். டேபிள்டாப் சிமுலேட்டரில் எல்லார் அசைவும் அவர் கணினி வழியாகத்தான் போய் வருகிறது. நல்ல கணினி வைத்திருப்பவரைவிட, கேபிள் இணைப்பு வைத்திருப்பவரை ஹோஸ்ட்டாக்குங்கள்.

போர்டு கேம் அரீனா: நகர்த்தியாச்சு, ஆனால் திரை அப்படியே நிற்கிறது

நகர்வு பதிவாகிவிட்டது, புதுப்பிப்புக்குக் காத்திருக்கிறது என்ற பொருளில் ஒரு வரி வந்து நின்றுவிடும். பயப்பட வேண்டாம், உங்கள் நகர்வு சர்வரில் ஏறிவிட்டது. அங்கிருந்து திரும்பி வரும் செய்திதான் உங்கள் பிரௌசருக்குச் சேரவில்லை. எஃப்5 அழுத்தினால் ஆட்டம் சரியான நிலையில் திறக்கும், எதுவும் தொலையாது. ஒவ்வொரு நகர்வுக்கும் இப்படி ஆனால் விபிஎன்னை நிறுத்திப் பாருங்கள், விளம்பரத் தடுப்பானை அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துப் பாருங்கள். அலுவலக, கல்லூரி இணைப்புகள் இந்த நேரடித் தொடர்பை அடைத்து வைத்திருக்கலாம், போன் ஹாட்ஸ்பாட்டில் சரியானால் அதுதான் காரணம். பிரௌசரின் தானியங்கி மொழிபெயர்ப்பு ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அணையுங்கள். அது பக்கத்தின் எழுத்துகளை மாற்றி எழுதும்போது பொத்தான்கள் வேலை செய்யாமல் போகலாம்.

மேசையில் சேர முடியவில்லை என்றால், அவர் வேறொரு நேரடி மேசையில் சிக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் ஒரு நேரடி மேசைதான். பழைய ஆட்டத்தை எல்லாரும் ஒப்புக்கொண்டு கைவிடும் வாய்ப்பு மெனுவில் உண்டு, அதைப் பயன்படுத்தினால் யாருக்கும் தண்டனை இல்லை. ப்ரீமியம் ஆட்டம் என்றால் ப்ரீமியம் உறுப்பினர் மேசை போட வேண்டும், மற்றவர்கள் இலவசக் கணக்கிலேயே உட்காரலாம். குழுவில் ஒருவர் கட்டினால் போதும்.

பேசிக்கொண்டே ஆடும்போது ஒருவருடைய நேரம் தீர்ந்து சிவப்பில் ஓடுகிறதா? மேசை போடும்போதே வேகத்தை, நண்பர்களோடு மட்டும் ஆடுவதற்கான நேரவரம்பற்ற நிலைக்கு மாற்றுங்கள். இயல்பு நிலையில் விட்டால் சிரித்துப் பேசும் நேரமெல்லாம் அவர் கணக்கில் கழிந்துவிடும். விதியே தவறாக நடந்தது போலத் தெரிந்தால் மேசை எண்ணையும் நகர்வு எண்ணையும் குறித்து அங்கேயே பிழை அறிக்கை கொடுங்கள். ஆட்டத்தைத் திருப்பி ஓட்டிப் பார்ப்பவருக்கு அந்த இரண்டு எண்களும்தான் வேண்டும்.

எதிரொலி கேட்கிறது

தன் குரலே தனக்குத் திரும்பிக் கேட்கிறது என்று புகார் செய்பவர் குற்றவாளி இல்லை. யாருக்குத் தன் குரல் திரும்பிக் கேட்கவே இல்லையோ அவரிடம்தான் கோளாறு. அவர் ஸ்பீக்கரிலிருந்து வரும் மற்றவர்களின் குரலை அவருடைய மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே ஒவ்வொருவரும் ‘ஒன்று, இரண்டு’ சொல்லிப் பாருங்கள். எதிரொலி இல்லாமல் தப்பித்தவரை ஹெட்ஃபோன் போடச் சொல்லுங்கள், முடிந்தது.

டிஸ்கார்டு என்ற பேச்சுச் செயலியில் பேச்சின் முதல் எழுத்து விழுங்கப்பட்டால் ‘வாய்ஸ் அண்டு வீடியோ’ அமைப்பில் மைக் உணர்திறன் தானியங்கியாக இருப்பதை அணைத்து, ஸ்லைடரை நீங்களே கீழே இறக்குங்கள். நிஜப் பகடையை மேசையில் உருட்டும் சத்தம் கேட்க வேண்டும் என்றால் கிரிஸ்ப் சத்த நீக்கத்தை அணையுங்கள், அது பகடைச் சத்தத்தையும் இரைச்சல் என்று அழித்துவிடும். ப்ளூடூத் ஹெட்செட்டில் குரல் பழைய தொலைபேசி மாதிரி மங்கிப்போகிறதா? ஹெட்செட்டின் மைக்கை இயக்கியதும் ப்ளூடூத் தரம் குறைந்த நிலைக்கு மாறிவிடுகிறது. கேட்பதற்கு ஹெட்செட், பேசுவதற்கு லேப்டாப்பின் சொந்த மைக் என்று பிரித்து வையுங்கள், ஒலி தெளிந்துவிடும்.

நிஜ போர்டைக் கேமராவில் காட்டுகிறோம், படம் அலைபோல மின்னுகிறது

அறை விளக்கு மின்சாரத்தின் அலைவேகத்துக்கு ஏற்ப மினுங்குவதுதான் காரணம். இந்தியா, இலங்கை, பிரிட்டன், சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கனடாவிலும் அமெரிக்காவிலும் 60. கேமரா அமைப்பில் மினுங்கல் தடுப்பு (anti-flicker) என்ற இடத்தில் கேமரா இருக்கும் ஊரின் எண்ணைப் போடுங்கள். எழுத்து இடம்வலமாகத் திரும்பித் தெரிகிறதே என்று ஹோஸ்ட் கவலைப்பட வேண்டாம், பெரும்பாலான செயலிகளில் அவருக்கு மட்டும்தான் கண்ணாடிப் பிம்பம், எதிரில் சரியாகவே தெரியும். கை குறுக்கே வரும்போதெல்லாம் ஃபோகஸ் அலைந்தால் அதை போர்டின்மேல் பூட்டிவிடுங்கள்.

ஃபவுண்ட்ரி: வீட்டுக்குள் திறக்கிறது, வெளியிலிருந்து நண்பருக்குத் திறக்கவில்லை

ஃபவுண்ட்ரி உங்கள் கணினியிலேயே சர்வராக ஓடுகிறது, இயல்பாக 30000-ஆம் போர்ட்டில் (port, வெளி இணைப்புகள் உள்ளே வரும் வாசல் எண்). அந்த போர்ட்டை ரவுட்டரில் திறந்தும் பயனில்லை என்றால் ரவுட்டர் பக்கத்தில் காட்டும் வெளி ஐபி முகவரியையும், ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் வரும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டர் காட்டுவது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு அது. அதற்குப் பிறகு ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயன் இல்லை, நேரத்தை வீணாக்காதீர்கள். இணைப்பு நிறுவனத்திடம் பணம் கட்டி நிலையான பொது ஐபி கேட்கலாம். வெளியிலிருந்து உங்கள் கணினிக்கு வழி போட்டுத்தரும் கிளவுட்ஃப்ளேர் டனல் அல்லது டெயில்ஸ்கேல் போடலாம். அல்லது ஃபவுண்ட்ரியை வாடகை சர்வரில் ஏற்றலாம். ஆட்டக்காரர்கள் எதையும் நிறுவ வேண்டாம் என்றால் டனல்தான் வசதி. டெயில்ஸ்கேல் என்றால் ஒவ்வொருவர் கணினியிலும் போட வேண்டும்.

வரைபடம் முழுக்கக் கறுப்பு

ஒரு ஆட்டக்காரருக்கு மட்டும் கறுப்பாக இருந்தால் அவருடைய டோக்கனுக்கு, அதாவது வரைபடத்தில் அவர் கதாபாத்திரத்தைக் குறிக்கும் காய்க்குப் பார்வை இல்லை அல்லது டோக்கன் அவருக்குச் சொந்தமாக இல்லை. ஃபவுண்ட்ரியில் அந்தக் கதாபாத்திரத்தின் உரிமை அமைப்பில் அவரை உரிமையாளர் ஆக்குங்கள், டோக்கனில் பார்வையை இயக்குங்கள். ரோல்20-இல் டோக்கனை யார் கட்டுப்படுத்துவது என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறதா, டோக்கன் தவறுதலாக நடத்துபவர் அடுக்கில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ரோல்20-இல் எல்லாருக்குமே கறுப்பு அல்லது வேறு படம் என்றால், ஆட்டக்காரர்களைக் குறிக்கும் ரிப்பன் பழைய பக்கத்திலேயே நிற்கிறது, இழுத்துப் புதிய பக்கத்தில் வையுங்கள்.

ஒருவர் ஒரு மணி நேரம் முன்போ பின்போ வருகிறார்

மார்ச்சிலும், அக்டோபர் இறுதி, நவம்பர் தொடக்கத்திலும் இது கட்டாயம் நடக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் மாறுவதில்லை, கனடாவின் பெரும்பாலான இடங்களிலும் பிரிட்டனிலும் மாறுகிறது. சென்னையில் இரவு 9 மணி என்றால் டொரோண்டோவில் கோடையில் காலை 11.30, குளிர்காலத்தில் 10.30. லண்டனில் கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 3.30. இரண்டு நாடுகளும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. கனடா மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றுகின்றன. இடைப்பட்ட வாரங்களில் டொரோண்டோ நண்பருக்கும் லண்டன் நண்பருக்கும் நடுவே வழக்கமான 5 மணி நேர வித்தியாசம் 4 ஆகிவிடும். கடிகாரம் மாறாத ஊரின் நேரத்தை அடிப்படையாக வைத்து அழைப்பை கூகுள் காலண்டரில் போட்டால் ஒவ்வொருவர் போனும் தன் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். வாட்ஸ்அப்பில் ‘ஒன்பது மணிக்கு’ என்று மட்டும் எழுதாதீர்கள், யார் ஊர் ஒன்பது என்று சேர்த்து எழுதுங்கள்.